சுழலும் பெண்ணுக்கு ஒரு பொன்னாடை

ஒரு கலையை அரைகுறையாகத் தெரிந்தவனால் பெரிய ஆபத்தில்லை. பக்கத்துக் கலையை முழுதாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். (யாங்கோனில் அந்த ஆள் நான்தான்.)

அப்போது ஒரு நாளிதழில் கலை நிருபராக இருந்தேன். செல்வியை மணக்க விரும்பினேன். அவள் அப்பா ஊ மாணிக்கம் ('ஊ' என்பது பெரியவர்களுக்கு நாங்கள் போடும் பர்மிய மரியாதை) பருப்பு வியாபாரி, கோயில் கமிட்டித் தலைவர். அவர் சொன்ன ஒரே ஆட்சேபம்: "பேப்பர்க்காரனுக்கு மரியாதை தெரியாது. மரியாதை தெரிஞ்சவனுக்குத்தான் எம் பொண்ணு."

அந்த வாரம் மேற்கத்திய பாலே நடனம் ஆடும் புதிய குழுவொன்றின் தொடக்கவிழாவுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்றை ஊ மாணிக்கத்துக்குக் கொடுத்தேன். கூடவே ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன்.

நகர நடுவே கியாக்டடா பகுதியில் பழைய மண்டபம், முதல் வரிசை. அவர் என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"என்னா தம்பி இது?"

"கலைஞருக்கு மரியாதை பண்ணணும்ல ஐயா."

"ஆட்டம் முடிஞ்சா?"

"நடுவுலயேதான். அதான் முறை."

பொய் சொல்லவில்லை. பர்மிய ஆட்டக்கூத்துகளில் அதுதான் முறை. ரசிகர் மேடையேறி மாலை போடுவார். ஆடுபவர் நின்று வாங்கி, கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்தில் தொடர்வார். இப்படி நூறு மாலைகளைப் பற்றி எழுதியவன் நான். பாலேவும் ஆட்டம்தானே?

வெள்ளை உடையில் நாயகி தனியாக வந்தாள். ஒற்றைக் கால் விரல் நுனியில் நின்று, கைகளை விரித்தாள். இசை ஓய்ந்தது. மண்டபமே மூச்சடக்கியது. எனக்குச் சந்தேகமே இல்லை: பொன்னாடைக்காக நிற்கிறாள்.

பக்கவாட்டுப் படியில் நிதானமாக ஏறினேன். கூட்டத்துக்கு ஒரு கும்பிடு. பொன்னாடையை விரித்து அவள் தோளில் போட்டேன்.

அந்த நொடியில் இசை தொடங்கியது. அவள் சுழன்றாள்.

நான் மறுமுனையை விட்டிருக்கலாம். ஆனால் பொன்னாடை தரையில் விழுவது அபசகுனம் என்று வளர்க்கப்பட்டவன். எனவே சுவாமியைப் பிரதட்சிணம் செய்வதுபோல் அவளைச் சுற்றி ஓடினேன். மூன்றாவது சுற்றில் அவள் கைகள் இரண்டும் ஜரிகைக்குள் போய்விட்டன. பால்கனியில் சிலர் கைதட்டினார்கள். (புதுப்பாணி என்று நினைத்திருக்கிறார்கள்.) கறுப்புச் சட்டை போட்ட மேடைப் பணியாளர்கள் இருவர் வந்து என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போனார்கள். போகும்போதும் ஒருமுறை கும்பிட்டேன்.

மறுநாள் விமர்சனத்தில், 'நெகிழ்ந்துபோன ரசிகர் ஒருவர் மேடையேறினார்' என்று எழுதினேன். பெயர் கொடுக்கவில்லை.

ஆனால் அதற்கு முன், என்னைத் தூக்கிப் போன அன்றே, மண்டப வாசலில் ஊ மாணிக்கம் காத்திருந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு நின்னுச்சா, சுத்துச்சா?"

"நின்ன மாதிரி இருந்துச்சு ஐயா."

"மாதிரியா? பேப்பர்லயும் இப்பிடித்தான் எழுதுவியா?"

செல்வி கைநழுவிப் போனாள் என்றே முடிவு செய்தேன். அவர் டாக்ஸிக்குக் கைகாட்டியபடி சொன்னார்: "எங்க கமிட்டியில பாதிப்பேரு பொன்னாடைய பொட்டலத்தோடயே கையில திணிச்சிட்டு எறங்கிருவான். நீ அந்தப் புள்ள பின்னாடி ஓடியாச்சும் முழுசாப் போர்த்திட்டுத்தானே எறங்குன! ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா."

அவர்கள் வந்தார்கள், பேசினார்கள், முகூர்த்தம் குறித்தார்கள். மணமேடையில் நான் மாலையைத் தூக்கியபோது செல்வி இரண்டடி பின்வாங்கி, தரையில் இரு பாதங்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"நான் சுத்த மாட்டேன். பயப்படாமப் போடுங்க."

ஐயர் சிரித்து முடிக்கும்வரை மந்திரம் நின்றது. எங்கள் கல்யாண வீடியோவில் உறவினர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்த இடத்தை மட்டும்தான். தாலி கட்டியதை யாரும் பார்ப்பதில்லை.