மாடிக்கு மட்டும் ஒரு ரிப்போர்ட்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெண்டாட்டியிடம் "முடியாது" என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சொல்லப் போகிறவன் நான் இல்லை. அதற்கு ஆள் வைப்பதாகத்தான் முடிவு.

என் மச்சினன் வேல்முருகனுக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு மாற்றல் வந்திருந்தது. பக்கத்திலேயே எருத்தேன்பதியில் எங்கள் வீட்டு மாடி காலி. "தம்பி குடும்பத்தோட மாடியில இருந்துக்கட்டுங்க" என்றாள் என் பெண்டாட்டி நாச்சம்மாள்.

காலி என்று அவள் சொல்கிறாள். அங்கேதான் என் கயிற்றுக் கட்டில் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து வயிற்றைத் தடவிக்கொடுக்கும். கீழேயிருந்து கூப்பிட்டால் கேட்காது. கேட்டாலும் கேட்காது. வேல்முருகனோ போனில் பேசினால் போன் தேவையில்லை. எதிர்முனை ஆளுக்கு நேராகவே கேட்கும்.

அப்போதுதான் பின்சியைப் பற்றித் தெரிந்தது. பக்கத்துச் சித்தூர் மலையாளப் பெண், எலக்ட்ரிகல் படித்தவள். வீடு வாங்குகிறவர்களுக்காக முன்னாடியே போய்ச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது அவள் தொழில். போன் போட்டேன்.

"மாடி மட்டும் பார்த்தாப் போதும். வயரிங் பழசு, ஆபத்துன்னு எழுதணும். படிச்சா அடிவயிறு கலங்கணும்."

"நாங்க பயமுறுத்தறதில்லை சேட்டா. கண்டது என்ன, அதனால என்ன ஆகும், என்ன செய்யணும். மூணுதான் எழுதுவோம்."

மாடி கட்டி எட்டு வருஷம்தான் ஆகிறது. காண அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே காண ஏதாவது வைக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னத்தாயியிடம் ஏணி வாங்கினேன். பழைய வயர் இரண்டு கஜம், கறுப்பு டேப் ஒரு சுருள். சுவரில் நாலு இடத்தில் ஒட்டு, இரண்டு இடத்தில் முடிச்சு. மேலே கொஞ்சம் கரி தேய்த்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கே தொடப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்சி டார்ச்சும் மீட்டருமாக வந்தாள். முக்கால் மணி நேரம் மாடியில் இருந்தாள். இறங்கி வரும்போது நாச்சம்மாள் காப்பியோடு நின்றாள்.

"ஏங்கண்ணு, வந்ததே வந்தீங்க. கீழயும் ஒரு எட்டுப் பார்த்துருங்க."

"கீழ எதுக்கு? எங்கப்பா இழுத்த வயரிங். நாப்பத்தாறு வருஷமா மலை மாதிரி நிக்குது!"

"மலையப் பார்க்க ஆளுக வர்றதில்லீங்களா? பார்க்கட்டும்."

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. பின்சியும் கூடவே வந்தாள். கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார்களாம். உட்கார்ந்து விளக்கிச் சொல்வார்களாம். பன்னிரண்டு பக்கம். எங்களுக்காகத் தமிழிலேயே அடித்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் போட்டோ, அதன் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம்.

"முதல்ல கீழ் வீடு. எல்லாம் சிவப்பு. வயர் மேல இருக்கற ரப்பர் காய்ஞ்சு, தொட்டாப் பொடியாகுது. உள்ள கம்பியும் கம்பியும் தொட்டா தீப்பிடிக்கும். அடுத்தது ஃபியூஸ். மெல்லிசுக் கம்பி போடணும். இங்க துணி காயப்போடற கம்பி போட்டிருக்கு."

"நாந்தான் போட்டேன்" என்றேன் பெருமையாக. "அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஃபியூஸ் போனதில்லை."

"அது போகாது சேட்டா. வீடுதான் போகும்."

நாச்சம்மாள் காப்பித் தம்ளருக்குள் சிரித்தாள்.

"அப்புறம், எர்த் இல்லை."

"நாப்பத்தாறு வருஷமா பூமியிலயே நிக்கற ஊட்டுக்கு எர்த் இல்லையா?"

"அதனாலதானுங்க நான் செருப்புப் போட்டுட்டு பிரிட்ஜத் தொறக்கறேன்" என்றாள் நாச்சம்மாள்.

"அதை விடு. மாடி எப்படி?" என்றேன்.

"மாடி முழுக்கப் பச்சை. ஒரே ஒரு குறிப்பு." பின்சி பக்கத்தைத் திருப்பினாள். என் கைவேலை கலர் போட்டோவில் பளபளத்தது. "கண்டது: சுவரில் இரண்டு கஜம் பழைய வயர். இரு முனையும் எதிலும் சேரவில்லை. டேப் புதுசு. கரி, அடுப்புக்கரி. ஆபத்து: இல்லை. செய்ய வேண்டியது: கழற்றி எறியலாம்."

"செஞ்சது ஆருன்னு எழுதலீங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

"கண்டதை மட்டும்தான் எழுதுவோம் சேச்சி."

"அப்ப நான் கண்டதைச் சொல்றேன். சனிக்கிழமை சின்னத்தாயி ஏணியத் திருப்பிக் கேட்டு வந்துச்சு. எங்க ஏணின்னு தேடிட்டு மேல வந்தேன். இவரு மூஞ்சியெல்லாம் கரி."

எனக்கு ஃபியூஸ் போயிற்று. எனக்குள் போட்டிருப்பது மெல்லிசுக் கம்பிதான்.

"வயரிங் மாத்தற வரைக்கும் கீழ மெயினை ஆஃப் பண்ணி வைக்கணும். சுவரெல்லாம் உடைக்கணும், கீழ யாரும் தங்க முடியாது. மூணு வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் பின்சி கிளம்பினாள். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் மெயின் ஆஃப். அடுத்த நிமிஷம் தம்பிக்கு போன்.

வேல்முருகன் அன்றைக்கே சாமான்களோடு வந்துவிட்டான். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அவனும் அவன் பெண்டாட்டியும். இன்னொன்றில் நாச்சம்மாளும் அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளும். ஹாலில் பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர் என்று கீழ் வீடு முழுக்க ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏம்புள்ள, நான் எங்க படுக்கறது?"

"நானாச் சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. ரிப்போர்ட்டுல இருக்குது பாருங்க." கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "மாட்டுக் கொட்டகை. வயரிங் இல்லை. ஆபத்து எதுவும் இல்லை."

கட்டிலின் ஒரு முனையை நான் தூக்கினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அங்க நல்லாக் காத்து வரும்ங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தான் வேல்முருகன். கொட்டகையில் எங்கள் பசு என்னை ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, நகர்ந்து இடம் கொடுத்தது.