முன்கூட்டியே எழுதப்பட்ட கடல்

பயண இலக்கியம் படைத்த பெருமக்கள் அனைவரும் காலங்காலமாக ஒரே பிழையைச் செய்துவந்துள்ளனர். அவர்கள் முதலில் பயணம் செய்தனர், பிறகு எழுதினர். இதனால் விளைந்த கேடுகள் கொஞ்சமல்ல. போன இடத்தில் மழை பெய்தால் கட்டுரையும் நனைந்தது. வயிறு கெட்டால் நடையும் கெட்டது. இக்குறையை நீக்கி, முதலில் எழுதிப் பிறகு பயணம் செய்யும் நெறியை உலகிற்கு அளித்தவன் அடியேன் என்பதைத் தன்னடக்கத்துடன் இங்குப் பதிவு செய்கிறேன்.

நான் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் நீர்மானிப் பிரிவின் கண்காணிப்பாளர். வீடுதோறும் சென்று மானியில் ஓடியுள்ள எண்ணைக் குறித்துவருவது எம் பிரிவின் கடமை. "சென்று" என்னும் சொல்லை விரிந்த பொருளில் கொள்ள வேண்டும். தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்தபடியே ஒரு தெருவின் நாற்பது வீடுகளையும் குறித்து முடிக்கும் வல்லுநர்கள் எம்மிடம் உள்ளனர். வீடு பூட்டியிருந்தால் "கதவு பூட்டு" என எழுதி, கடந்த மூன்று மாதங்களின் சராசரியை இட வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகள் எப்போதும் பூட்டியே இருக்கின்றன. மக்கள் எங்குதான் போகிறார்களோ தெரியவில்லை.

எழுத்துக் கலை எனக்கு நாற்பத்து நான்காம் வயதில் கைவந்தது. அதுவரை வேறு மொழியில் படித்து, வேறு மொழியில் கோப்பெழுதிய நான், மாலை நேரத் தமிழ் வகுப்பொன்றில் சேர்ந்து எட்டாம் வகுப்புக் கட்டுரை நூலை முழுவதும் மனப்பாடம் செய்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று தூண்களின்மேல் எதையும் நிறுத்தலாம் எனக் கண்டுகொண்டேன். அன்றுமுதல் விடுப்பு விண்ணப்பத்திற்கும் முடிவுரை எழுதினேன். அலுவலகத்தார் என்னைப் "புலவர்" என்று அழைக்கலாயினர். அதில் கேலி இருப்பதாக என் மனைவி கூறுவாள். அவளுக்குக் கட்டுரை நூலில் பயிற்சி இல்லை.

திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் கடலைப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதன் எதிரே நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். "சும்மா" என்னும் சொல்லுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லாத காரணத்தால் அக்கோரிக்கை நிலுவையில் இருந்துவந்தது. இவ்வாண்டுதான் ஐந்து நாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தைக் கண்ட மேலாளரின் முகம் மலர்ந்தது. எம் அலுவலக ஆண்டுமலருக்கு அவரே ஆசிரியர்.

"புலவரே, கடற்கரைக்கா போறீங்க? மலர்ல ஆறு பக்கம் காலியாக் கெடக்கு. ஒரு பயணக் கட்டுரை குடுங்க."

"வந்ததும் எழுதித் தர்றேன் சார்."

"வந்ததுமா? நீங்க வர்றதுக்கு மறுநாள் வெளியீட்டு விழா. பெரிய அதிகாரி வர்றாரு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும்."

"நான் கெளம்புறதே சனிக்கிழமை சார்."

"அதனால என்ன? எழுதிட்டுப் போங்க."

"பாக்காம எப்படி சார்..."

மேலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை நோக்கினார். "நீங்க எந்தப் பிரிவு?"

"நீர்மானிப் பிரிவு."

"அப்புறம் என்ன?"

அக்கணமே எனக்கு ஞானம் பிறந்தது. இரண்டே மாலைகளில் பதினொரு பத்திகள் எழுதி முடித்தேன். மூன்றாம் பத்தியில், "நீலக்கடலின் மடியிலிருந்து செங்கதிரோன் எழுந்த காட்சி எம் கண்களை விட்டு அகலாது" என்றேன். ஐந்தாம் பத்தியில் கடல்நீர் பனியெனக் குளிர்ந்து எம் பாதங்களை வருடியது. அலைகளைக் கண்டு அஞ்சிய என் துணைவியார் என் கரத்தை இறுகப் பற்றிக்கொண்டார். உள்ளூர் உணவின் காரத்தால் எம் கண்களில் நீர் பெருகியது ஏழாம் பத்தி. ஒன்பதாம் பத்தியில் நள்ளிரவு வரை நகரம் ஆடிற்று; நாங்களும் அதனுடன் ஆடினோம். படித்துப் பார்த்த மேலாளர் கலங்கிப்போனார்.

"அடடா, போயிட்டு வந்த களைப்பே வந்துருச்சு எனக்கு. விழாவுல திரையில காட்டப் படம் எடுத்து அனுப்புங்க. கட்டுரைக்குப் பொருந்துற மாதிரி இருக்கணும்."

இவ்வாறாக, கட்டுரை முடிந்து பயணம் தொடங்கியது.

எங்கள் விடுதி கடலை நோக்கியே அமைந்திருந்தது. முதல்நாள் விடியற்காலையில் மனைவியை எழுப்பிக் கரைக்கு அழைத்துச் சென்றேன். கைபேசியைக் கடலின் பக்கம் நீட்டியபடி முக்கால் மணி நேரம் நின்றேன். எங்களுக்கென அமர்த்திய வாடகைக் கார் ஓட்டுநர் பின்னால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எதுக்கு அப்படியே நிக்கிறீங்க?"

"சூரியன் வரட்டும்னு."

"அது உங்க முதுகுக்குப் பின்னாடி வந்து அரை மணி நேரம் ஆச்சே சார்!"

திரும்பிப் பார்த்தேன். விடுதி மாடியின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கதிரவன் வீற்றிருந்தான்.

"இந்தக் கடல்ல சூரியன் சாயங்காலம் முங்கும் சார். உதிக்காது. எப்பவுமே அப்படித்தான்."

எவ்வித வருத்தமுமின்றி அவர் இதைத் தெரிவித்தார். நான் உடனே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சார், மூணாம் பத்தியில சூரியன் கடல்லேர்ந்து உதிக்குது. இங்க உதிக்கல."

"மூணாம் பத்தி அச்சாயிடுச்சே புலவரே!"

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"சூரியனை என்ன பண்ண முடியுமோ அதைப் பண்ணுங்க."

அச்சேறிவிட்ட ஒன்றைப் பொய்யாக்கும் உரிமை இயற்கைக்கு இல்லை என்பது என் கருத்து. மறுநாள் விடியுமுன் ஓட்டுநரைக் கிளப்பி, கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் சென்று, சூரியன் நீரிலிருந்து எழும் இடமொன்றைக் கண்டுபிடித்தோம். அது அந்நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம். காட்சி அற்புதமாக இருந்தது. புகைப்படத்திற்கு நாற்றம் கிடையாது என்பது அறிவியல் மானிடர்க்கு அளித்த பெருங்கொடை.

என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூறினாள்: "கடல் விடுதி வாசல்லயே இருக்குது. இவ்வளவு தூரம் வந்து சாக்கடையில சூரியனைப் பாத்துட்டு நிக்கிறோம்."

"படத்துல கடல் மாதிரிதான் தெரியும்."

"எனக்குத் தெரியுமே, இது என்னன்னு."

தனிமனிதர் அறிவு இத்தகைய பொதுப்பணிகளுக்கு எப்போதும் ஓர் இடையூறே.

அன்று நண்பகலில் ஏழாம் பத்தியை நிறைவேற்றப் புறப்பட்டோம். ஓட்டுநர், கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் தள்ளுவண்டியொன்றைக் காட்டி, "இதைவிட நல்லா எங்கயும் கெடைக்காதும்மா" என்றார். வெளியூரில் என் வயிறு அரசாணைக்கும் கட்டுப்படாது. எனவே நான் வீட்டிலிருந்து கொணர்ந்த பிஸ்கட்டை உண்டேன். அவள் காகிதத்தில் வாங்கிய மீனை நின்றபடியே உண்டு, விரலையும் சுவைத்தாள்.

"காரமா இருக்கா? கண்ணுல தண்ணி வருதா?" என்று ஆவலுடன் கேட்டேன்.

"இல்லீங்க. அளவா, அருமையா இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்."

கட்டுரை கண்ணீரைக் கோரி நின்றது. வேறு வழியின்றி, தள்ளுவண்டியில் கிடந்த பச்சை மிளகாய் ஒன்றை எடுத்து, உண்மையின் பொருட்டு முழுவதுமாக மென்றேன். மாலைவரை விக்கல் நிற்கவில்லை. படம் நன்றாக வந்துள்ளது.

பிறகு ஐந்தாம் பத்தி. அவள் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கணுக்காலளவு நீரில் நின்றாள். நான் பாதுகாப்பான தொலைவில் காலணியுடன் நின்று இயக்கினேன்.

"கொஞ்சம் பயந்த மாதிரி நில்லும்மா."

"எதுக்குப் பயப்படணும்?"

"அலைக்கு."

"பாவம், அது பாட்டுக்குக் காலைத் தொட்டுட்டுப் போகுது. அதுக்கு எதுக்குப் பயம்? நீங்களும் வாங்க."

"ஷூ நனைஞ்சிடும்."

"கழட்டுங்க."

"படம் யாரு எடுக்குறது?"

அவ்வேளை சற்றுப் பெரிய அலையொன்று முன்னறிவிப்பின்றி வந்தது. நான் அலறியபடி பின்வாங்கி, அருகில் நின்ற ஓட்டுநரின் கரத்தை இறுகப் பற்றினேன். அலை எனக்குப் பத்தடி முன்னதாகவே நின்றுவிட்டது. அதிர்ச்சியில் மற்றொரு கையின் விரல் கைபேசியை அழுத்திவிட்டிருந்தது. ஒரு கரம் இன்னொரு கரத்தை அச்சத்துடன் பற்றியிருக்கும் அப்படத்தில் முகங்கள் தெரியவில்லை. அதையே அனுப்பினேன்.

"கையை விடுங்க சார், வண்டி ஓட்டணும்" என்றார் ஓட்டுநர். என் மனைவி கடலுக்குள் நின்றபடி வெகுநேரம் சிரித்தாள்.

இரவு வாழ்க்கையைக் காண மூன்றாம் நாள் ஏழரை மணிக்குச் சென்றோம். ஆடல்பாடல் நிகழும் அரங்கின் வாயிலில் பெரிய பூட்டு தொங்கியது.

"பத்தரைக்குத்தான் திறப்போம் பெரியவரே" என்றார் காவலாளி.

நான் ஒன்பது மணிக்கு உறங்குபவன். "பெரியவர்" என்னும் சொல்லும் என்னைத் தளர்த்திவிட்டது. எனினும் எம் துறை இத்தகைய தருணத்திற்கென்றே விதி வகுத்துள்ளதன்றோ? கதவு பூட்டு, சராசரி. பூட்டிய கதவை வண்ண விளக்குகளுடன் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நான்காம் நாள்தான் கடைசி நாள். பகலுணவுக்குப்பின் அவள் கேட்டாள்: "எல்லாப் பத்தியும் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப இன்னிக்குச் சாயங்காலம் சும்மா உக்காரலாமா?"

"கண்டிப்பா" என்று வாக்களித்தேன். அவள் வெளுத்த நீலப் புடவை உடுத்தி, தலைவாரி, ஐந்து மணிக்கு வாசலில் நின்றாள். அப்போது மேலாளர் அழைத்தார். ஒவ்வொரு படத்திற்கும் இரண்டு வரி குறிப்பு வேண்டுமாம், உடனே வேண்டுமாம்.

"நீ முன்னாடி போ. பத்தே நிமிஷத்துல வந்துடுறேன்" என்றேன்.

குறிப்பு எழுதுவது எளிதன்று. "காலைக் கதிரவன் எழும் மாண்பு" என்பதா, "எழுகின்ற மாண்பு" என்பதா என்பதிலேயே அரை மணி நேரம் சென்றது. அதற்குள் சன்னலுக்கு வெளியே மாலைக் கதிரவன் மறைந்துவிட்டிருந்தான். இருட்டிய பின் அவள் வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ரெண்டு பேருக்கு எடம் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றாள். அவள் கோபித்துக்கொள்ளாதது எனக்கு மிகுந்த நிம்மதியளித்தது. இன்று எண்ணும்போது, அந்த நிம்மதியையும் ஒரு பிழையாகவே கருதுகிறேன்.

வெளியீட்டு விழா சிறப்புற நடந்தேறியது. கழிவுநீர்க் குளத்தில் கதிரவன் எழுந்தபோது அரங்கம் கைதட்டிற்று. பெரிய அதிகாரி, "நானும் அந்த ஊருக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். ஆனா கட்டுரையைப் படிச்சப்பத்தான் பாத்த மாதிரி இருந்துச்சு" என்றார். எனக்குச் சால்வை போர்த்தப்பட்டது. கடைசி வரிசையில் என் மனைவி மலரைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் கேட்டாள்: "ஏங்க, இதுல வர்ற பொம்பளை யாரு?"

"நீதான்."

"நான் எங்க பயந்தேன்?"

"அஞ்சாம் பத்தியில."

அவள் மலரை மடித்து மேசைமேல் வைத்தாள். "தண்ணி பனி மாதிரி இருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்குச் சாயங்காலம் வெதுவெதுன்னு இருந்துச்சுங்க. ஆறுன பால் மாதிரி. காலை எடுக்கவே மனசு வரல." மேசைமேல் இருந்த மலரைக் காட்டி, "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க தொடவே இல்லையே" என்றாள்.

உண்மைதான். கடலுக்கு முன்னால் நான்கு நாட்கள் தங்கியும் நான் அதைத் தொடவில்லை. தொட்டதாகச் சால்வை மட்டும் வாங்கியிருந்தேன்.

அடுத்த மாதமே அவள் தன் அக்காவுடன் மீண்டும் அவ்வூருக்குப் புறப்பட்டாள். பையுடன் வாசலில் நின்றவளிடம், "நானும் வரட்டுமா?" என்றேன். முன்னுரையும் முடிவுரையும் இன்றி நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

"நீங்க எதுக்குங்க வீணா அலையுறீங்க? வந்த மாதிரி எழுதிக்கிங்க. நல்லா வரும்."

எழுதத்தான் அமர்ந்தேன். வாசற்கதவை அகலத் திறந்துவைத்து, தெருவைப் பார்த்தபடி மேசையைப் போட்டுக்கொண்டேன். "கடல்நீர்" என்று தொடங்கினேன். அதற்குமேல் ஓடவில்லை. வெதுவெதுப்பு என்னும் சொல் எனக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்பது தெரியவில்லை. பிற்பகல் மூன்று மணிவரை அந்த ஒரு சொல்லின் முன் அமர்ந்திருந்தேன்.

அப்போது எம் பிரிவின் தலைசிறந்த வல்லுநன் ஒருவன் இருசக்கர வண்டியில் வந்தான். வண்டியை நிறுத்தவில்லை, தலையையும் திருப்பவில்லை. முன்பே எழுதிவைத்திருந்த சீட்டொன்றை எங்கள் வெளிக்கதவின் கம்பியில் செருகிவிட்டுச் சென்றான். எழுந்து போய் எடுத்துப் பார்த்தேன்.

"கதவு பூட்டு. சராசரி."

என் கண்ணெதிரே, என் பிரிவில், என் வீட்டிற்கே இந்த அநியாயம். விளக்கம் கோரும் குறிப்பாணை எழுதக் கொதிப்புடன் அமர்ந்தேன். முன்னுரை சீறிக்கொண்டு வந்தது. பொருளுரையில்தான் தடைப்பட்டேன். வீட்டில் ஆள் இருந்ததற்கு என்ன சான்று என்று அவன் கேட்டால், நான் அழைக்கக்கூடிய சாட்சி உலகில் ஒருத்திதான் உண்டு. இருபத்தாறு ஆண்டுகள் இதே வீட்டில் என்னுடன் இருந்தவள்.

அவள் அவன் பக்கம்தான் சாட்சி சொல்வாள்.