பச்சைப் பாக்கெட்டும் தியன்லாயின் பகுத்தறிவும்

காவ் தியன்லாய் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் ஒரு முடிவுக்கு வந்தால், வீட்டில் ஏதாவது ஒரு சாமான் முடிவுக்கு வந்துவிடும் என்பது அவர் மனைவி சூஜென்னின் அனுபவம். போன தடவை துணி துவைக்கும் மெஷின். அதற்கு முந்தின தடவை அழைப்பு மணி. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

"சூஜென், வர்ற சனிக்கிழமை நேரலையில, எல்லார் முன்னாலயும், அந்தப் பச்சைப் பாக்கெட்டைப் பிரிச்சுத் திங்கப் போறேன்."

சூஜென் கல்லில் இருந்த முட்டை அப்பத்தைத் திருப்பிப் போட்டாள்.

"பசிக்குதா?"

"பசிக்கு இல்லம்மா. பகுத்தறிவுக்கு."

"பகுத்தறிவுக்கு எதுக்குங்க சோளப்பொரி? அப்பம் வெந்துடுச்சு, உக்காருங்க."

விஷயம் சாதாரணமானதல்ல. சின்சூ ஊரில் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் குவாய் குவாய் இருக்கும். தேங்காய் வாசம் அடிக்கும் சோளப்பொரி, பச்சைப் பாக்கெட். 'சமர்த்தா இரு, சொன்ன பேச்சைக் கேளு' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். மெஷினின் தலையில் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டால் மெஷின் சமர்த்தாக இருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தானே மெஷினுக்குச் சுகம்? மஞ்சள் பாக்கெட்டை வைத்தால் மெஷினுக்குக் காமாலை. கெடு தேதி தாண்டக்கூடாது. முக்கியமாக, வைத்ததை எடுத்துத் தின்னக்கூடாது. இதையெல்லாம் படிக்காதவர்கள் செய்வதாக நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலைகளில் பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்கள்தான் இரண்டு கையாலும் பிடித்து, பயபக்தியோடு வைப்பார்கள்.

"ஏங்க, கால் நூற்றாண்டா ஃபாக்டரியில நீங்களே வச்சவர்தானே?"

"அப்ப எனக்குச் சம்பளம் இருந்துச்சு. இப்ப அபிப்பிராயம் இருக்கு."

அபிப்பிராயத்துக்கு அவரிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. தொழிற்சாலையில் மெஷின்களைக் குளிர வைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் உலகத்துக் கம்ப்யூட்டர் தொழில் முழுவதும் தன் ஆலோசனைக்காகக் காத்திருப்பதாக நினைத்தார். தொடுதிரை போன் வந்தபோது, "விரல் ரேகை படிஞ்ச கண்ணாடியை எவன் வாங்குவான்?" என்றார். மடிக்கிற போன் வந்தபோது, "மடிக்கிறதுக்கு வீட்ல துணியே ஏகப்பட்டது கிடக்கு" என்றார். செயற்கை அறிவு வந்தபோது, "முதல்ல இயற்கையா இருக்கிறதை உபயோகிக்கச் சொல்லு" என்றார். எல்லாவற்றையும் காலைப் பலகார வேளையில்தான் சொல்வார். ஏழு மணிக்குச் செய்திகளைப் படிக்கத் தொடங்கினால், சோயாப்பால் ஆறி ஆடை கட்டும்வரை ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்பு வழங்குவார்.

ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் சனிக்கிழமைதோறும் 'சில்லும் சொல்லும்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். "சில்லு கொஞ்சம், சொல்லு நிறைய" என்பது சூஜென்னின் விமரிசனம். பார்ப்பவர்கள் எல்லாரையும் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கால் நீட்டிக்கொள்ள இடமும் இருக்கும்.

ஆனால் வரப்போகும் சனிக்கிழமை வேறு மாதிரி. ஊர்க் கேபிள் டிவியை நடத்தும் ஃபாங் அம்மாள் பார்க்கப்போகிறாள். தொழில்நுட்பச் செய்திகளைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிறபடி பேச ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். பூங்காவில் காலையில் சூஜென்னோடு நடனப் பயிற்சி செய்கிறவள். "உங்க வீட்டுக்காரர் பேசுவாராமே?" என்று கேட்டாளாம். "பேசுவாராவா!" என்றாளாம் சூஜென்.

தியன்லாய்க்கு இது வாழ்நாள் ஆசை. தொழிற்சாலையில் அவர் வாயைத் திறந்ததும் கூட்டம் முடிந்துவிடும். மகன் போனில் "அப்பா, சிக்னல் சரியில்ல" என்பான். ஒரே ஒரு தடவையாவது, யாராவது தன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்க வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். ஆனால் ரொம்ப ஏங்கினார்.

"முதல் விஷயம், பாக்கெட்" என்று முட்டை அப்பத்தைப் பார்த்து ஒத்திகை பார்த்தார். "ரெண்டாவது, கேபிள் டிவி. 'கேபிள் டிவி செத்துப்போச்சு நண்பர்களே! இன்னும் அடக்கம் பண்ணாம வச்சிருக்காங்க, அவ்வளவுதான்!' எப்படி?"

சூஜென்னின் கையில் கரண்டி நின்றது.

"இது ஃபாங் அம்மா பாக்குற அன்னிக்கா?"

"அதனாலதான்! யாருக்கும் பயப்படாத ஆளுன்னு தெரிய வேண்டாமா?"

சூஜென் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இந்த மனுஷரிடம் 'வேண்டாம்' என்று ஒரு தடவை சொன்னால், அதையே இரண்டு தடவை செய்வார். அழைப்பு மணி அப்படித்தான் போனது.

"ஜோரா இருக்கு. சொல்லுங்க" என்றாள்.

*

சனிக்கிழமை காலை. தியன்லாய் கழுத்துப்பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். சூஜென் சமையலறையில் இருந்தாள். இணையப் பெட்டியும் அங்கேதான், குளிர்பதனப் பெட்டியின் மேல். அங்கே வைத்தால்தான் சிக்னல் நன்றாக வரும் என்பது தியன்லாயின் அபிப்பிராயங்களில் ஒன்று.

"நண்பர்களே! இதோ பாருங்கள், இருபத்தோராம் நூற்றாண்டின் மூடநம்பிக்கை!" என்று கம்ப்யூட்டரின் தலையில் இருந்த பச்சைப் பாக்கெட்டை எடுத்து ஆட்டினார். கிழித்தார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். "பார்த்தீர்களா? ஒன்றும் ஆகவில்லை! ருசியும் மோசமில்லை!" இன்னொரு பிடி. "அடுத்தது, கேபிள் டி..."

பக்கத்து மாடியிலிருந்து பெங் அண்ணனின் குரல் வந்தது. ஸ்கூட்டர் ரிப்பேர் கடைக்காரர். மினி பஸ்ஸின் முன் சீட்டு ரசிகர்.

"தியன்லாய்! வாயை மூடுங்க!"

"என்னய்யா, மரியாதை இல்லாம!"

"போன்ல நீங்க வாயைத் திறந்தபடியே நிக்கிறீங்க! உள்ள பொரி தெரியுது! கடவாய்ப்பல்லு ஒண்ணு சொத்தை!"

இணையம் போய்விட்டது.

தியன்லாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். விசைப்பலகையைத் தட்டினார். திரையைத் தடவினார். வாயில் இருந்த பொரி கரையவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சூஜென்! போச்சு! எல்லாம் போச்சு!"

சூஜென் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கிழிந்த பாக்கெட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் அவர் ரொம்பப் பயந்தார்.

"தற்செயல்! வெறும் தற்செயல்!" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"சும்மா... கடைப் பக்கம்."

முனைக் கடையில் சிவப்புப் பாக்கெட் இருந்தது, மஞ்சள் இருந்தது, பச்சை இல்லை.

"புது மெஷின் வந்திருக்காம் சார். காலையில ஃபாக்டரிக்காரங்க பெட்டியோட அள்ளிட்டுப் போயிட்டாங்க" என்றாள் கடைப்பெண். "அவசரத்துக்கு மஞ்சள் தரட்டுமா?"

"மஞ்சளா? நான் என்ன மெஷினைக் கொல்லவா வந்தேன்?" என்று சீறினார் பகுத்தறிவாளர்.

அடுத்த கடை. அதற்கடுத்த கடை. எங்கும் பச்சை இல்லை. வியர்த்து விறுவிறுத்து, கழுத்துப்பட்டை முதுகுப் பக்கம் போய், வெறுங்கையோடு திரும்பினார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஃபாங் அம்மா பாத்திருப்பாங்க இல்ல?"

"பாத்திருப்பாங்க."

"சொத்தைப்பல்லையும்?"

"அதையுமா பாக்காம இருப்பாங்க?"

அவர் கண் கலங்கியது. சூஜென்னுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"ஏது இது?"

"நீங்க திங்கப் போறேன்னு சொன்ன அன்னிக்கே வாங்கி வச்சேன். பொறுங்க, சும்மா வச்சா ஆகாது. மன்னிப்புக் கேக்கணும். இன்னிக்குப் பூரா மெஷின், பெட்டி, கம்பி எதையும் ஒரு வார்த்தை திட்டக்கூடாது."

"இப்படியெல்லாம் யாரு சொன்னது?"

"நீங்கதான். ஃபாக்டரியில புதுசா வந்தவங்களுக்குச் சொன்னதா எங்கிட்ட வந்து சொன்னீங்க."

அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் அவர் சொல்லாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்பதால் மறுக்க முடியவில்லை. யோசித்தார்.

"சூஜென், கேபிள்... அது கம்பியில சேருமா?"

"கேபிள்னாலே கம்பிதானேங்க?"

"அப்ப அந்த ரெண்டாவது விஷயம்?"

"அது உங்க இஷ்டம்" என்றாள். "குவாய் குவாய் இஷ்டம்."

தியன்லாய் பேனாவை எடுத்து இரண்டாவது விஷயத்தை அடித்தார். பிறகு பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, மெஷின் தலையில் வைத்து, குனிந்து கும்பிட்டார். சூஜென் தேநீர் போட சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இணையம் வந்து, கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. தியன்லாய்க்குப் புல்லரித்தது.

மறுபடி நேரலை. இப்போது மினி பஸ் போதவில்லை. வாய் திறந்த படம் அதற்குள் ஊரெல்லாம் சுற்றி, இரண்டு பெரிய பஸ் கூட்டம் வந்துவிட்டிருந்தது. தியன்லாய் எழுதிவைத்த தாளைப் பார்க்கவில்லை. மனசில் வந்ததைப் பேசினார்.

"நண்பர்களே, நான் தப்பாப் பேசிட்டேன். இந்தப் பாக்கெட்டுக்குள்ள மந்திரம் இருக்கா, எனக்குத் தெரியாது. ஆனா இதை வைக்கிற கை, 'என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டேன், இனிமே நீ பாத்துக்க'ன்னு சொல்ற கை. நானும் அப்படித்தான் வச்சேன். மெஷின் ஓடுச்சு, வீட்ல சோறு வெந்துச்சு. அந்த மெஷினுங்களுக்கு நன்றி. மழையில நின்னு கம்பி இழுத்தவங்களுக்கு நன்றி. என் சம்சாரத்துக்கும் நன்றி. இன்னிக்கு இந்தப் பாக்கெட் அவங்க குடுத்தது."

பெங் அண்ணன் பக்கத்து மாடியில் மூக்கைச் சிந்துவது கேட்டது.

அடுத்த அரை மணியில் ஃபாங் அம்மாளின் போன் வந்தது. "சார், சிரிக்கவும் வச்சீங்க, அழவும் வச்சீங்க. கம்பி இழுக்கிறவங்களுக்கு இதுவரைக்கும் யாரும் நன்றி சொன்னதில்ல. எங்க ஆளுங்க எல்லாரும் கேட்டாங்க. எப்ப வந்து சேர்றீங்க?"

தியன்லாய் போனை வைத்துவிட்டு, இனிப்பு எதுவும் இருக்கிறதா என்று சமையலறைக்குத் துள்ளிக்கொண்டு போனார். அங்கேதான் அவருடைய கால் நூற்றாண்டு அனுபவம் கண் விழித்தது. இணையப் பெட்டியின் பிளக், சோற்றுக் குக்கரின் இடத்தில் செருகியிருந்தது. குக்கரின் பிளக் இணையப் பெட்டியின் இடத்தில்.

"சூஜென். பிளக்கை உருவினியா?"

"உருவினேன்."

"நேரலையில இருக்கும்போதா!"

"'கேபிள் டி'ன்னு ஆரம்பிச்சீங்க. 'வி' வர்றதுக்குள்ள உருவணுமே, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." தேநீரை அவர் முன் வைத்தாள். "நீங்க முதல்ல பிளக்கைத்தான் பாப்பீங்கன்னு நடுங்கிக்கிட்டு நின்னேன். நீங்க என்னடான்னா நேராப் பொரிக்கடைக்கு ஓடினீங்க."

தியன்லாய் கோபப்படத்தான் வாயைத் திறந்தார். கோபம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"ரெண்டாவது கேபிள்தான்னு இத்தனை நாளா ஞாபகம் வச்சிருந்தியா? காலையில நான் பேசுறதையெல்லாம் அப்பந்தான் கேக்குதுன்னு நினைச்சேன்!"

"அப்பமா கேட்டுச்சு? நான்தானே கேட்டேன். தொடுதிரை ஓடாதுன்னீங்க, கேட்டேன். மடிக்கிற போன் மண்ணைக் கவ்வும்னீங்க, கேட்டேன். ரெண்டாயிரத்துல உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்னுடும்னு பத்து மூட்டை அரிசி வாங்கினீங்க, கேட்டேன், ஆக்கியும் போட்டேன்."

இத்தனை வருஷமாக யாராவது ஒருத்தராவது கேட்க மாட்டாரா என்று ஏங்கிய மனுஷர், கேட்டுக்கொண்டே இருந்த ஒருத்தி தினமும் எதிரே நின்று அப்பம் சுட்டிருக்கிறாள் என்பதை அப்போதுதான் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் வெங்காயத்தாள் வாசம்.

"நீ இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்ல சூஜென். நிஜமாத்தான் சொல்றேன். ரொம்ப நன்றிம்மா."

"சரி சரி, விடுங்க. தேநீர் ஆறுது" என்றாள் சூஜென். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூக்கைத் துடைத்ததும் தியன்லாய்க்குப் பெருமை திரும்பிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கள் முதல் சனி வரைக்கும். தினமும் காலையில ஏழுலேருந்து ஒன்பது, ஸ்டுடியோவிலேயே பலகாரம். எனக்கு அபிப்பிராயம் ஊறுற நேரமே அதுதான். ஃபாங் அம்மா எவ்வளவு கூர்மையான ஆளு பாரு, எப்படித்தான் சரியா அந்த நேரத்தைக் கண்டுபிடிச்சாங்களோ!"

"அவங்க எங்க கண்டுபிடிச்சாங்க? பூங்காவிலயே நான் கேட்டு வாங்கினது" என்றாள் சூஜென், தனக்கென்று ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு. "ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தான் கேட்டேன். அது ஒண்ணுக்குத்தான் அவங்க மசியல."