குளத்தைக் குறி பார்த்தவர்

கிடங்கு அதிகாரி ஜெயித்துக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

கோல்ஃப் ஆட்டத்தில் யார் குறைவான அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறாரோ அவருக்கு வெற்றி. மேனேஜரோடு ஆடினால் மேனேஜருக்கு வெற்றி. இரண்டாவது விதியை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வாசல் காவலாளி வரை தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும்.

இத்தனை நாளும் தோற்பதற்கு அவர் மெனக்கெட வேண்டியிருந்ததில்லை. மேனேஜர் சுமாராக ஆடுவார், இவர் அதைவிட மட்டமாக ஆடுவார், காரியம் சுமுகமாக முடிந்துவிடும். இன்று பார்த்து மேனேஜருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அடிக்கும் பந்தெல்லாம் எலி மாதிரி புல்லுக்குள் ஓடி ஒளிந்தது.

"என்னய்யா, இன்னிக்கு உன் கை ஓங்கியிருக்கு?" என்றார் மேனேஜர், தோளைத் தேய்த்தபடி.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார். காத்து இந்தப் பக்கமா அடிக்குது."

ஓர் இலைகூட அசையவில்லை.

வேறு எந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்திருந்தாலும் காலில் விழுந்து சமாளித்திருக்கலாம். ஆனால் இவர் மனைவி வேலை பார்க்கும் ஊரில் உள்ள தொழிற்சாலைக் கிளையில் ஓர் இடம் காலியாகியிருந்தது. யாரை அனுப்புவது என்று மேனேஜர் நாளைக் காலை முடிவு செய்கிறார். இரண்டு வருஷமாக மாற்றல் கேட்டுக் கேட்டு இவருக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மகள் முதல் நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். அவள் பழகி மடியில் வந்து உட்காரும் நேரத்துக்கு இவர் பஸ் ஏற வேண்டும். போன தடவை அந்தப் பஸ்ஸில் அவர் வாய்விட்டே அழுதார்.

ஆகவே எப்படியாவது தோற்றாக வேண்டும்.

அதற்கு வழியும் வைத்திருந்தார். கத்துக்குட்டிகள் மூளையை உபயோகித்து மைதானத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு பயிற்சியாளர் பேசும் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்திருந்தார். குளம் இருந்தால் அகலமான பக்கமாக அடி. மரத்துக்குள் மாட்டினால் வீரம் காட்டாமல் பக்கவாட்டில் தட்டி வெளியே வா. என்றோ ஒருநாள் அடித்த அபூர்வ அடியை நம்பாதே, தினமும் அடிக்கும் அடியை நம்பு. இவை அத்தனையையும் தலைகீழாகச் செய்தால் தோல்வி தானாக வந்து சேரும் என்று கணக்குப் போட்டார்.

அடுத்த குழிக்கு முன்னால் வலது பக்கம் பெரிய குளம். பந்து தண்ணீரில் விழுந்தால் அபராதமாக ஓர் அடி கூடும். அவர் குளத்தின் நட்டநடுவைக் கண்ணால் அளந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார்.

பந்து குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது பக்கம் வளைந்து போய், குழிக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

"அடேங்கப்பா!" என்றார் மேனேஜர். குரலில் சந்தோஷம் இல்லை.

"சத்தியமா சார், நான் அங்க அடிக்கல."

"தன்னடக்கம் வேற!"

அதற்கடுத்த குழியில் தோப்பைக் குறிவைத்தார். இந்தத் தடவை பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. புதருக்குள் போய் விழுந்த சத்தம் காதில் தேனாகப் பாய்ந்தது. போய்ப் பார்த்தால், பந்து புதருக்கு வெளியே வெட்டவெளியில் கிடந்தது. பக்கத்தில் பைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பைக்காரர் அந்த மைதானத்திலேயே மீசை நரைத்தவர். இரண்டு பேருடைய மட்டைப் பைகளையும் சுமப்பவர். கிடங்கு அதிகாரி வாராவாரம் தோற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோயிருந்தவர்.

"அண்ணே, பந்து எப்படி வெளியே வந்துச்சு?"

"நம்ம காலு பட்டுடுச்சு சார்," என்று கண்ணைச் சிமிட்டினார் பைக்காரர். "கவலைப்படாதீங்க. இன்னிக்கு உங்களை ஜெயிக்க வச்சுட்டுத்தான் மறுவேலை."

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். திரும்ப உள்ளே தள்ளுங்க."

"கூச்சப்படாதீங்க சார்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் இவர் அடித்தார். பந்து ஒரு கிளையில் மோதி, கீழே விழுந்து, உருண்டு உருண்டு குழியை நோக்கியே போயிற்று. மேனேஜர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

கிடங்கு அதிகாரியின் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்னங்க, தோத்துட்டீங்களா?"

"இல்லம்மா. ஜெயிச்சுட்டு இருக்கேன்."

"அடக் கடவுளே! ஒரு வேலையை ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?"

"நான் என்ன பண்றது? எங்க அடிச்சாலும் குழிக்கே போகுது."

"ஊர்ல எல்லாரும் தோக்கறாங்க. உங்களுக்கு மட்டும் தோக்கத் தெரியல." சற்று நிறுத்தினாள். "குட்டி உங்க சட்டைக்குன்னு பீரோவுல ஒரு தட்டைக் காலி பண்ணி வச்சிருக்கா. அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அவர் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

கடைசிக் குழி ஒன்றுதான் பாக்கி. இவர் நாலு அடி முன்னிலையில் இருந்தார். வலது பக்கம் மறுபடியும் அந்தக் குளம், இடது பக்கம் ஒரு லாரி திரும்பும் அளவுக்கு அகலமான புல்வெளி. மட்டையை ஊன்றிக்கொண்டு அவர் குளத்தையே வெறித்துப் பார்த்தார். அழுகை வரும்போல இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோப்புக்குப் போன அந்த ஒரு பந்தைத் தவிர, இந்த ஜென்மத்தில் அவர் பார்த்த இடத்துக்கு அவர் பந்து போனதே இல்லை. குளத்தைப் பார்த்தால் அது எப்படிக் குளத்துக்குப் போகும்?

பயிற்சியாளர் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் செய்தார். பெரிய மட்டையை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். குளத்துக்கு முதுகைக் காட்டாத குறையாக இடப்பக்கம் திரும்பி நின்றார். புல்வெளியின் நடுவே ஒரு மஞ்சள் பூவைக் குறிவைத்து, மூச்சை அடக்கி, பதமாக அடித்தார்.

பந்து நேராகக் குளத்துக்குள் போயிற்று.

அவர் ஆனந்தமாக இன்னொரு பந்தை எடுத்து வைத்தார். அதே பூவைப் பார்த்து மறுபடியும் அடித்தார். குளம். இன்னொரு முறை. குளம். தவளைகள் எல்லாம் கரையேறிவிட்டன. பைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மேனேஜருடைய தோள் வலி எங்கே போயிற்றோ, அவர் துள்ளித் துள்ளிப் போய்ப் பந்தைக் குழிக்குள் தள்ளினார்.

ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கிடங்கு அதிகாரி தோற்றார்.

"பயந்தே போயிட்டேன்யா!" என்று மேனேஜர் அவரைக் கட்டிக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. "உன்னை மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கவே மாட்டான்."

"சார், அந்த மாற்றல் விஷயம்..."

"எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம். நீ நிம்மதியா தூங்கு." விசிலடித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

கிடங்கு அதிகாரி அங்கேயே நின்று மனைவியைக் கூப்பிட்டார்.

"தோத்துட்டேன்! கடைசிக் குழியில தோத்துட்டேன்மா!"

அந்தப் பக்கம் மனைவி அழுதாள். குட்டி, "அப்பா தோத்துட்டாரு! அப்பா வர்றாரு!" என்று கத்திக்கொண்டு வீடெல்லாம் ஓடுவது கேட்டது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் இப்படி நிம்மதியாக அவர் மூச்சு விட்டதில்லை.

பைக்காரர் மெல்ல எழுந்து வந்தார்.

"தோத்ததுக்கா சார் இத்தனை சந்தோஷம்?"

"உங்களுக்குப் புரியாதுண்ணே. அவர் ஜெயிச்சாத்தானே மனசு குளிர்ந்து என்னை ஊருக்கு அனுப்புவாரு?"

பைக்காரர் இரண்டு பைகளையும் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"அவரை ஜெயிச்சவங்களை எல்லாம் மறுநாளே கேட்ட ஊருக்கு அனுப்பிட்டாரு சார், உங்களையும் அனுப்பிட்டா ஞாயித்துக்கிழமை அவர் யாரை ஜெயிப்பாரு?"