வியாழக்கிழமைக்கு நேரே 99

திங்கட்கிழமைத் தபாலில் வானிலைத் தாள் வந்துவிட்டது. அதற்கு அர்த்தம் சொல்லும் விளக்கத் தாளைத்தான் காணோம்.

சங்கிலிப்பாண்டி அலமாரியை இரண்டாம் தடவையாகக் காலி செய்தான். எலி கடித்த கோப்புகள், பூச்சிமருந்து காலண்டர், யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்பு எல்லாம் வெளியே வந்தன. விளக்கத் தாள் வரவில்லை.

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அந்த மானாவாரி விவசாயத் தகவல் நிலையம். வாசலில் ஒரு கரும்பலகை. திங்கள்தோறும் தபாலில் வரும் எண்களைப் படித்து, அந்த வாரம் மழை உண்டா இல்லையா என்று காலை பத்து மணிக்குள் பலகையில் தமிழில் எழுதிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அதை எழுதியவர் பிச்சையா. அவர் எழுதினால் கரிசல்காடு முழுவதும் நம்பும். போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமையே காசிக்கு ரயில் ஏறிவிட்டார்.

போகும்போது, தன் இடத்துக்கு வந்த சங்கிலிப்பாண்டியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சாவி ஆணியில கெடக்கு. மேசைக் கால் ஒண்ணு ஆடும், அட்டையை மடிச்சு வச்சுக்கிடும். எது தெரியலைன்னாலும் முப்பிடாதியக் கேளும்."

முப்பிடாதி அந்த அறையைப் பெருக்கி, பானையில் தண்ணீர் பிடித்து வைப்பவள். ஐம்பது வயதிருக்கும். முன்பு தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணிக்கொண்டிருந்தவள்.

"முப்பிடாதி, இங்கன ஒரு விளக்கத் தாள் இருந்துச்சா? வானிலைத் தாளை எப்படி வாசிக்கணும்னு எழுதியிருக்கும்."

"எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. எந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

நியாயமான பதில். சங்கிலிப்பாண்டி மேசையில் உட்கார்ந்து தாளை முறைத்தான். ஏழு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதலில் தேதி, பிறகு மூன்று எண்கள். அலுவலக முத்திரைகூட வெறும் மை வட்டமாக விழுந்திருந்தது. நான்காம் தேதி, அதாவது வியாழக்கிழமைக்கு நேரே 99, 1, 00. ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 05, 8, 63.

இருப்பதிலேயே பெரிய எண் எதுவோ அதுதான் மழையாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை பெரிய அரசாங்கம் வேறு எதைச் சொல்ல இத்தனை பெரிய எண்ணைப் போடும்? 99 மில்லி மீட்டர் மழை. அடுத்த 1, ஒரு மணி நேரம். கடைசிக் கட்டம் பிடிபடவில்லை. பிடிபடாததை விட்டுவிட்டான்.

"வியாழக்கிழமை தொண்ணூத்தொம்பது மில்லி மீட்டர்!" என்று வாய்விட்டுச் சொன்னான்.

பெருக்கிக்கொண்டிருந்த முப்பிடாதி நிமிர்ந்தாள். "அய்யா, அந்தத் தாளு..."

"தாளைக் குப்பையோட சேர்த்துப் பெருக்கிராத. சோலியப் பாரு."

அவள் குனிந்துகொண்டாள்.

பத்து மணிக்குப் பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. புதூர்க்காரர் சுடலைக்கண்ணு, எழுத்துத் தெரியாதவர்களுக்காக உரக்கப் படித்தார்.

"வியாழன், தொண்ணூத்தொம்பது மில்லி மீட்டர் பெருமழை!"

"நூறுன்னு ரவுண்டாச் சொல்லாம, தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லுதாரு பாருங்க அண்ணாச்சி. அதான் படிச்ச ஆளு" என்றார் ஒருவர்.

சங்கிலிப்பாண்டிக்கு உடம்பு கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது. அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பசுவந்தனை சீனித்தாய்.

"தம்பி, போன வருசம் யாரு பேச்சையோ கேட்டு முந்தி விதைச்சேன். மழை வரல. வெதையப் பூரா எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு. இப்ப வீட்டுல ஒரே ஒரு மூட்டை பருத்தி வெதைதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா இந்த வருசமும் காடு தரிசுதான். பலகையில இருக்கது நெசந்தானா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

"நெசந்தாம்மா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்க நல்லா இருப்பிய. அப்போ புதன்கிழமை ஏர் பூட்டிருதேன்" என்று அவள் கைகூப்பினாள்.

மறுநாள் காந்தி ஜெயந்தி, விடுமுறை. செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் போய் நின்றான். கண்ணை மூடினால் அம்மன் தெரியவில்லை. கூப்பிய இரண்டு கைகள்தான் தெரிந்தன. 'தாயே, அந்த ஒரு மூட்டை விதையை மட்டும் காப்பாத்து. என் பேர் எப்படிப் போனாலும் போகட்டும்' என்று வேண்டிக்கொண்டான். முதல் பாதிதான் மனப்பூர்வமாக வந்தது.

புதன்கிழமை காலை தபாலாபீஸுக்கு ஓடி, தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சினனுக்குத் தொலைபேசியில் டிரங்கால் போட்டான். லைன் கிடைத்து, இரண்டு வீட்டுச் சுகமும் விசாரித்து முடிக்கவே இரண்டு நிமிஷம் போய்விட்டது.

"தொண்ணூத்தொம்பதா? அது மழையில்ல அத்தான். மொதக் கட்டம் காத்து. தொண்ணூத்தொம்பதுன்னா காத்து ஒரு திசையில நிக்காது, சுத்திச் சுத்தி அடிக்கும்னு அர்த்தம்."

"அப்போ மழை எந்தக் கட்டத்துல இருக்கு?"

"அது வந்து..."

மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்தது. இனி மத்தியானம்தான் கிடைக்கும் என்றார்கள்.

தான் எழுதியது தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது. சரி எது என்று மட்டும் தெரியவில்லை. திரும்பி ஓடிவந்து, ஈரத் துணியால் பலகையை ஒரே இழுப்பில் துடைத்தான். தப்பான செய்தி இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தான்.

அது மேலாக இல்லை.

"ஏன்யா அழிச்சிட்டாரு?"

"இருபத்திரண்டு வருசத்துல இந்தப் பலகை வெறுசாக் கெடந்து நான் பார்த்ததில்லை" என்றார் சுடலைக்கண்ணு. "என்னமோ இருக்கு. வெளிய சொல்ல மாட்டேங்காரு."

முணுமுணுப்பு வளர்ந்தது. சங்கிலிப்பாண்டி வாசலுக்கு வந்து இரண்டு கையையும் உயர்த்தினான்.

"யாரும் பயப்படாதீங்க! வெள்ளமெல்லாம் ஒண்ணும் வராது!"



"வெள்ளம்னு நாங்க யாரும் சொல்லலையே?" என்றார் சுடலைக்கண்ணு மெதுவாக.

அவ்வளவுதான். "வெள்ளமாம்லே!" என்று ஒரு குரல். "தண்ணி வரதுக்குள்ள இன்னைக்கே வெதைச்சு மூடிரணும்!" என்று இன்னொரு குரல். கூட்டம் சாலையைத் தாண்டிப் பஸ்களை நோக்கி ஓடியது. முப்பிடாதியும் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள். 'ஊரே முழுகப்போகுதுன்னு ஓடுது, இவளுக்குத் தண்ணி பிடிக்கணும்' என்று நினைத்துக்கொண்டான்.

சாக்கட்டியைத் தேடி எடுத்து, 'வியாழன் மழை இல்லை' என்று பலகை கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பினால் படிக்க ஆளில்லை. ஓர் ஆடு மட்டும் நின்று பார்த்துவிட்டு, பலகைக் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போனது.

சீனித்தாயின் விதையை நினைத்தான். பருத்தி விதையைச் சாணிப்பாலில் பிசறித்தான் விதைப்பார்கள். பிசறிவிட்டால் மறுபடி மூட்டை கட்டி வைக்க முடியாது. மத்தியான பஸ்ஸில் பசுவந்தனைக்கு ஏறினான்.

கண்டக்டர் மாயகிருஷ்ணன் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானார். "வாங்க அண்ணாச்சி! காலை டிரிப்பிலேயே நீங்க சொல்லச் சொன்னதை வழி நெடுகச் சொல்லியாச்சு. நம்ம வண்டி மட்டுமில்ல, புதூர் வண்டி, குளத்தூர் வண்டி எல்லாத்துலயும் சொல்லியாச்சு!"

சங்கிலிப்பாண்டி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியானால் வெள்ளச் சேதி இந்நேரம் குளத்தூர் உப்பளம்வரை போய்விட்டது! வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனங்கள் அவனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் சீட்டில் ஓர் அங்குலம் கீழே இறங்கினான்.

பசுவந்தனையில் இறங்கிக் கரிசலில் ஓடினான். நிலம் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் செருப்பு சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினான். காட்டோரம், உடைமரத்து நிழலில் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா! வெதைச்சிராதீங்க!"

"வெதைக்கலையே."

"சாணிப்பால்ல பிசறிட்டியளா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிசறினாப் பத்தாதா?" அவள் மூட்டையைத் தட்டிக் காட்டினாள். கட்டு அவிழவில்லை. "நீங்கதான தம்பி சொல்லிவிட்டிய?"

"நானா? என்ன சொன்னேன்?"

அவள் சிரித்தாள். "வியாழக்கிழமை மழை கிடையாது, காத்துத்தான் சுத்தும். ஞாயித்துக்கிழமை வானம் பூரா மூடி, நின்னு பெய்யும். சனிக்கிழமை வெதைச்சாப் போதும். பலகையில தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஆபீஸர் சொன்னாராம். கண்டக்டர் ஊருக்குள்ள நின்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போறாரு. ஏர் பூட்டினவன்லாம் அவுத்து விட்டுட்டான்."

சங்கிலிப்பாண்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"தப்புன்னு தெரிஞ்சதும் ஊர் ஊரா ஆள் விட்டுத் திருத்துதீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?" என்று சொல்லி, தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். போகும்போது ஓர் ஓலைக் கொட்டான் கருப்பட்டியும் கையில் திணித்தாள். ஓடி வந்த வழியில் போய்ச் செருப்பையும் எடுத்துத் தந்தாள்.

திரும்பும்போது வேறு பஸ், வேறு கண்டக்டர். விசாரிக்க வழியில்லை. விசாரிக்கவும் அவனுக்குப் பயமாக இருந்தது. சந்நிதியில் வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்து மயிர்க்கூச்செறிந்தது. அம்மனே பேசியிருக்கிறாள். அம்மன் எதற்குக் கண்டக்டர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது. தெய்வ காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று அதை அடக்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை ஒரு சொட்டு விழவில்லை. புழுதிக் காற்று ஒரு திசையில் நிற்காமல் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சனிக்கிழமை கரிசல் முழுவதும் ஏர் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருண்டு, மூன்று மணிக்குத் தொடங்கிய மழை அடிக்காமல், இடிக்காமல், நின்று நிதானமாகப் பெய்தது. சங்கிலிப்பாண்டி தெருவில் இறங்கி முழுக்க நனைந்தான். மண் வாசத்தை மூச்சு முட்ட இழுத்தான். நன்றி சொல்ல வேண்டும் என்று நெஞ்சு நிறைந்து வந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நடக்க இடமில்லை. பூசணிக்காய், சீனியவரைக்காய், குளத்தூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த உப்புச் சிப்பம். மழைக்கு முன்பே ஓலை போட்டு உப்பை மூடிவிட்டார்களாம். சுடலைக்கண்ணு மாலையோடு வந்திருந்தார்.

சங்கிலிப்பாண்டிக்குத் தாங்க முடியவில்லை. "போடாதீங்க அண்ணாச்சி! எனக்கு அந்தத் தாளை வாசிக்கவே தெரியாது. சொல்லிவிட்டது நான் இல்லை!"

கூட்டம் சிரித்தது.

"பிச்சையா அண்ணாச்சியும் இப்படித்தான், எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யான்னு சொல்லுவாரு" என்று சொல்லிச் சுடலைக்கண்ணு மாலையைப் போட்டுவிட்டார்.

அப்போது மாயகிருஷ்ணன் டீ குடிக்க வந்தார். சங்கிலிப்பாண்டி மாலையும் கழுத்துமாக அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுங்க. அன்னைக்கு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு?"

"நீங்கதான அனுப்பினிய?" மாயகிருஷ்ணன் வியப்போடு அறைக்குள் மோவாயை நீட்டினார். "குடமும் கையுமா வண்டி வண்டியா ஏறி இறங்கிச்சே."

கூட்டம் கலையும்வரை அவன் காத்திருந்தான். முப்பிடாதி பூசணிக்காய்களை நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நீதான் சொல்லிவிட்டியா?"

விளக்குமாறு நின்றது. "ஒங்க பேரைச் சொன்னது தப்புத்தான்யா. எம் பேரைச் சொன்னா யாரு ஏரை அவுப்பா? ஊருக்கு முன்னால ஒங்களத் திருத்தவும் மனசு வரல. புதுசா வந்த பிள்ளை, மொகம் வாடிப் போகும்லா?"

"அதில்ல. ஞாயித்துக்கிழமை மழைன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பிச்சையா அய்யாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரைய்யா. ஒம்பது வருசமா நாந்தான் வாசிப்பேன், அவிய அர்த்தம் சொல்லுவாவ. தொண்ணூத்தொம்பதுன்னா காத்துச் சுத்தும். நடுவுல எட்டுன்னா வானம் பூரா மூட்டம். கடைசியில அறுவத்தி மூணுன்னா நின்னு பெய்யும். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருச்சு."

சங்கிலிப்பாண்டி கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் கையில் கொடுத்தான். அன்றைய தபாலில் வந்த புதுத் தாளை மேசைமேல் விரித்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். ஆடும் மேசைக் காலைத் தானே பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்கக்கா. வாசிங்க, நான் எழுதுதேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. எழுத்துத் தெரியாதுன்னு எங்கிட்டச் சொன்னியளே?"

முப்பிடாதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எழுத்துத்தான்யா தெரியாது. இந்தத் தாள்ல எழுத்தே கிடையாதே."