ஒன்பதாம் கட்டிலுக்குச் சாப்பாடு

"காயப்பட்டவர் ஆஸ்பத்திரியில கிடக்குமட்டும் பிணை கிடைக்காது அக்கா. கொலை முயற்சி வழக்கெல்லே!" என்றார் சட்டத்தரணி சுரேகா.

"அவர் எழும்பி வீட்ட போனா, மிஸ்?"

"கேட்டுப் பாக்கலாம்."

பிரேமிளாவுக்கு அது போதும். அக்கராயனில் வாய்க்கால் தண்ணீருக்கு வந்த சண்டையில் சின்னராசாவின் மண்டையில் மண்வெட்டிப் பிடி விழுந்து பதினொரு தையல். மண்வெட்டியோடு பொலிசில் போய் நின்ற அவள் கணவன் செந்தூரன் விளக்கமறியலில். சின்னராசாவோ, "தலை சுத்துது, ஒண்டும் நினைவில்லை" என்று ஒன்பதாம் கட்டிலில் கிடந்தார். தனிக்கட்டை, பார்க்க ஆளில்லை. செந்தூரன் இல்லாத வீட்டில் பிரேமிளாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளே ஊர்க்கோழிச் சூப்போடு போய் நின்றாள்.

"உப்புக் காணாது தங்கச்சி," என்றபடி சின்னராசா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அவள் விடுவாளா? மறுநாள் நண்டுக் கறி. அதற்கடுத்த நாள் கணவாய்ப் பிரட்டல். வழக்குக்கு முதல்நாள் சின்னராசாவுக்கு வயிற்றாலே அடித்து, சேலைன் ஏற்றினார்கள்.

"காயப்பட்டவரின் நிலைமை மோசமாகியிருக்கிறது," என்றார் நீதவான். பிணை மறுக்கப்பட்டது. இன்னும் பதினான்கு நாள்.

பிரேமிளா கஞ்சிக்கு மாறினாள். கட்டிலருகே இருந்து அழுதழுது மன்னிப்பும் கேட்டாள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த தவணையில் நீதவானுக்குக் கோபம். "சந்தேகநபரின் மனைவி சாட்சியோடு கதைத்துத் திரிகிறார். மண்வெட்டியால் மண்டையை உடைக்கிற ஆட்களை ஊருக்குள் உலவவிட முடியாது!"

நியாயமான பேச்சுத்தான். பிரேமிளாவே தலையாட்டிவிட்டாள்.

சிறைச்சாலை பஸ்ஸில் ஏறும்போது செந்தூரன் திரும்பிப் பார்த்தான். "பிரேமி, நீ ஒண்டும் செய்யாதை. ஒருத்தரோடையும் கதையாதை. நான் சமாளிப்பன்."

எவ்வளவு நல்ல மனுசன்!

"இஞ்சேருங்கோ, உங்களை வெளியால எடுக்காமல் விடமாட்டன்!" என்று அவள் கையை வீசிக் கத்தியதில், பக்கத்தில் நின்ற காவலரின் தொப்பி பறந்து சேற்றில் விழுந்தது.

ஆஸ்பத்திரிப் பக்கம் காலடி வைக்கக்கூடாது என்று சுரேகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும், பொலிஸ்காரர் தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து அவள் உள்ளே நுழைந்தாள்.

"அண்ணை, இதுதான் கடைசிக் கஞ்சி. இனி நான் வரேலாது. என்ர மனுசன் ஒரு எறும்பையும் மிதிக்காத ஆள். எப்பிடியாவது அவரைக் காப்பாத்துங்கோ."

சின்னராசா கோப்பையை வழித்துக் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு எல்லாம் நினைவிருக்கு தங்கச்சி. உண்மையைச் சொன்னா அவர் நாளைக்கே வெளியால வந்திடுவார். ஆனா, அடிச்ச உன்னைப் பிடிச்சு உள்ள போட்டிட்டா, எனக்கு ஆர் சாப்பாடு கொண்டாறது?"