இரட்டைக் கிடேரி

அரசாங்கக் காளை கிடேரியை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு, தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்ட விருந்தாளியைப் போல நாசூக்காகப் பின்வாங்கி, வேலியோரம் புல் மேயப் போய்விட்டது.

"என்னங்க, இன்னைக்கும் இப்படிப் பண்ணுது?" திருமலைச்சாமி கத்தினார்.

காளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பீடியைப் பற்றவைத்தார். "காளை மேல குத்தமில்லீங்க. கிடேரி பருவத்துக்கு வந்து கத்தணும்ல? அதுபாட்டுக்குச் சிவனேன்னு நிக்குது. நீங்கதான் கத்துறீங்க."

திருமலைச்சாமி கத்தியதற்குக் காரணம் இருந்தது. பூம்பாறையில் பூண்டு பயிரிட்டுப் பிழைக்கும் அவருக்கு ஒரே மகள், அழகம்மாள். அவளை வடகவுஞ்சியில் கொடுத்திருந்தார். சம்பந்தியம்மாள் வீரம்மாள் நகைநட்டு எதுவும் கேட்கவில்லை. அவர் தொழுவத்தில் காளைக்கன்றும் கிடேரிக்கன்றுமாக ஒரே ஈற்றில் பிறந்திருந்த இரட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த இரட்டையில பொட்டைக்கன்னு எனக்கு வேணும். அது வளர்ந்து செனையானதும், அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் என் மருமக வாசப்படி மிதிக்கணும்."

இரட்டை என்றால் தெய்வமே தொட்டுக் கொடுத்தது என்று ஊரும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கல்யாணம் முடிந்தது, கிடேரியும் வளர்ந்தது. சினைதான் பிடிக்கவில்லை. தாலி ஏறிய கழுத்தோடு அழகம்மாள் பிறந்த வீட்டிலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கொள்ளு முளைகட்டிப் போடுங்க. வெரசாப் பருவம் வரும்" என்றாள் மனைவி பிச்சையம்மாள்.

போட்டார். பருத்திக்கொட்டையும் வெல்லமும் சேர்த்தே போட்டார். பருவம் வரவில்லை, வயிறுதான் வந்தது. கிடேரி குதிர்போலப் பெருத்தது. பூண்டு மூட்டை எடுக்க லாரியோடு வந்த கொடைக்கானல் வியாபாரி பஷீர் அகமது அதைக் கண்டு பூரித்துப்போனார்.

"மாஷா அல்லா! மாடு செனையா இருக்கு போலருக்கே மாமா?"

எவரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத திருமலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவே வினையாயிற்று. அடுத்த முறை வந்த பஷீர், லாரியை விட்டு இறங்குமுன்பே கூவினார்:

"மாமா, நீங்க கூச்சப்படுவீங்கன்னு நானே வடகவுஞ்சியில சொல்லிட்டேன்! வளர்பிறையில மேளத்தோட வாறாகளாம்!"

திருமலைச்சாமி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளனே கிடேரியைப் பிடித்துக்கொண்டு கொடைக்கானல் மாட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். டாக்டர் முழங்கைவரை கையைவிட்டுத் துழாவினார். அவர் நெற்றி சுருங்கிற்று.

"கர்ப்பப்பை வளரவே இல்லையே, நூல் மாதிரி கெடக்கு. இது காளைக்கன்னோட இரட்டையாப் பிறந்ததா?"

"ஆமாங்க, அதனாலதான் ராசின்னு..."

"அதனாலதாங்க வினையே! தாய் வயித்துல ரெண்டு கன்னுக்கும் ரத்தம் ஒண்ணாக் கலந்துபோகும். காளைக்கன்னோட சத்து, பொட்டைக்கன்னோட கர்ப்பப்பையை வளரவிடாது. இனி எந்தக் காளைகிட்டக் கொண்டுபோனாலும் இதுக்குச் செனை பிடிக்காது."

டாக்டர் மேலும் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். திருமலைச்சாமிக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே வந்து கிடேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அது அவர் துண்டின் நுனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

வளர்பிறையில் மேளம் வந்தது. மாப்பிள்ளை வந்தார். மாலையும் தாம்பாளமுமாக வீரம்மாள் வந்தாள். கல்யாணத்துக்கு வரமுடியாமற்போன தன் அண்ணன் குருநாதனையும் ஒட்டன்சத்திரத்திலிருந்து வரவழைத்துக் கூட்டிவந்திருந்தாள். அவர் பெரிய மீசையோடு பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்தார். அழகம்மாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

பிச்சையம்மாள் அவர் காதைக் கடித்தாள். "உண்மையைச் சொல்லிருங்க. பொய் சொல்லி அனுப்புனா, நாளைக்கு நம்ம பிள்ளை தலையிலதான் விடியும்."

வீரம்மாள் கிடேரியின் நெற்றியில் குங்குமம் வைக்கப் போனாள். திருமலைச்சாமி கைகூப்பியபடி குறுக்கே விழுந்தார்.

"சம்பந்தியம்மா, மன்னிக்கணும். இது செனையில்லீங்க. இனிமேலும் ஆகாதுங்க!"

மேளம் நின்றது.

"என்ன சொல்றீங்க? வளர்க்கத் தெரியாம வளர்த்துட்டு..."

தன் வீட்டின்மேல் பழி விழுந்தால் மகள் வாழ்வு போய்விடும் என்ற பதற்றத்தில், வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒருவரை மறுத்துப் பேசினார். "எங்க வளர்ப்புல குத்தமில்லீங்க! ஆணோட இரட்டையாப் பிறந்த எந்தப் பொம்பளை உசுருக்கும் வயித்துல ஒண்ணும் தங்காதாம். படிச்ச டாக்டரு கையைவிட்டுப் பார்த்துச் சொல்லிருக்காரு! அப்படிப் பிறந்தது ஒண்ணு, நான் பெத்தேன்னு ஒரு பிள்ளையைக் காட்டுனா, அது எங்கிட்டிருந்தோ தூக்கிட்டு வந்ததாத்தான் இருக்கும்!"

வீரம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை தன் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒருவழியாக அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று திருமலைச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மூலையிலிருந்த குருநாதன் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஏங்க சம்பந்தி, நானும் என் தங்கச்சி வீரம்மாளும் ஒரே பிரசவத்துல பிறந்த இரட்டைப் பிள்ளைங்க. அப்ப, இந்தா நிக்கிற உங்க மருமகனை நாங்க எங்கிட்டிருந்துங்க தூக்கிட்டு வந்தோம்?"